அவர் சும்மா இருந்த அரை நிமிடம்

ஜூன் 4

கண்ணாடிக் கடைக்காரிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மெசேஜ் போட்டால் பார்ப்பதே இல்லை. நேற்று கடைக்கே வந்தேன். கவுன்டரில் இருந்த அம்மா, "உள்ளே ஒருத்தருக்குக் கண் பாத்துட்டு இருக்காங்க, நேரமாகும்" என்றார். நானும் பிரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். எந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரம் கண் பார்ப்பார்கள்? நீ என்னைத் தவிர்க்கிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கண்ணாடி வேண்டியதில்லை.

அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

இரண்டு வருடமாக உன்னை வைத்துத்தான் இந்தப் படத்தை எடுத்தேன். பதினான்கு வயதில் நீச்சல் கிளப்பின் ஸ்டோர் ரூமில் உங்கள் கோச் விசில் சார் உன்னிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று, இத்தனை வருடம் கழித்து முதல்முறையாக என் கேமரா முன்னால் சொன்னாய். அவர் இல்லவே இல்லை என்கிறார். அதன் பிறகு கிளப் நடத்திய விசாரணை மென்று முழுங்கிவிட்டு முடிந்தது. அவருடைய பழைய மாணவர்கள் எல்லாரும் அவர் பக்கம். உன் கூடப் பிறந்த அக்காவே அவர் பக்கம். இதெல்லாம் தெரிந்துதான், வெளியில் யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் உனக்குப் போட்டுக் காட்டினேன்.

நீ பாதியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாய். அதுவும் எந்த இடத்தில்? "அந்தப் பொண்ணு சொல்றது பொய்யா?" என்று நான் கேட்க, விசில் சார் தலையைக் குனிந்து, உதட்டை நனைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில். நியாயமாகப் பார்த்தால் உனக்கு நிம்மதி வரவேண்டிய இடம் அது. எங்கள் குழுவில் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஜூலை இருபதாம் தேதி சேனலில் வருகிறது. என்ன குறை என்று வாயைத் திறந்து சொல். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

படக்காரி


ஜூன் 8

இயக்குநர் மேடத்துக்கு,

கடையில் உங்களைத் தவிர்த்தது உண்மைதான். உள்ளே யாருமே இல்லை. காலி நாற்காலிக்குத்தான் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கடைசியாக மாட்டிப் பார்த்த அந்தச் சிவப்பு பிரேம் உங்களுக்கு நன்றாகவே இருந்தது, கதவு இடுக்கில் பார்த்தேன். போனில் நான் எதையும் எழுதுவதில்லை. கிளப் ஆட்கள் என் மெசேஜைப் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்பியதிலிருந்து அந்தப் பழக்கம் போய்விட்டது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மௌனம் உங்களுக்கு எங்கே கிடைத்தது?

விசில் சார் சும்மா இருக்க மாட்டார், மேடம். விசில் வாயில் இருக்கும்போதுகூடப் பேசுவார். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு டாக்டருக்கே பாடம் நடத்தியவர். கேள்வியையும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்வார், கடைசியில் "நீ சொன்னது கரெக்ட்டுமா" என்று நம்மையே பாராட்டுவார். நாம் வாயைத் திறந்திருக்கவே மாட்டோம். அந்த ஸ்டோர் ரூமிலும் பேசிக்கொண்டேதான் இருந்தார். அடுத்த மாதப் போட்டியைப் பற்றி, யார் எந்தப் பிரிவில் நீந்தலாம் என்பதைப் பற்றி. இதை உங்கள் கேமரா முன்னாலும் சொன்னேன். "கொஞ்சம் நீளமா போகுது" என்று வெட்டிவிட்டீர்கள். சரி, உங்கள் வேலை உங்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது திரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர் யார்? அந்த ஆளை எனக்குத் தெரியாது.

ஊர் உலகம் எல்லாம் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் உட்கார்ந்து பேசவில்லை. என் அக்கா ஒருத்தி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவள் இன்றைக்கும் அதே குளத்தில் அவருக்குக் கீழே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒன்றரை வருடமாக என்னோடு பேசவில்லை. படத்தை அவள் பார்ப்பாளோ மாட்டாளோ, பார்த்தால் அந்த இடத்தில் என்ன சொல்வாள் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். "சாரா? வாயை மூடிட்டாரா? வெட்டி ஒட்டிட்டாங்கடி!" சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஒரு இடத்தில் ஒட்டு தெரிந்துவிட்டால் போதும் மேடம், நான் சொன்னது மொத்தமும் ஒட்டுப் போட்டதாகிவிடும்.

சுற்றி வளைக்காமல் பதில் போடுங்கள். உங்களை அக்கா என்று கூப்பிடச் சொன்னீர்கள். எனக்கு ஒருத்தி இருக்கிறாள், அவளையே சமாளிக்க முடியவில்லை.

கடைக்காரி


ஜூன் 12

கடைக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது முயற்சி.

பேட்டி முடிந்ததும் ஒலிப்பதிவு செய்கிறவர் எல்லாரையும் அரை நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்வார். ஃபேன் சத்தம், வெளியே வண்டிச் சத்தம், சும்மா இருக்கும்போது அந்த அறைக்கு என்று ஒரு சத்தம் உண்டு, அதைத் தனியாகப் பிடித்து வைப்போம். பேச்சை வெட்டும் இடத்தில் அடியில் போட உதவும். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார். விசில் சாரும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேமராவை யாரும் நிறுத்தவில்லை.

அந்த அரை நிமிடம்தான் நீ பார்த்தது. படத்தை எடிட் செய்யும் தொகுப்பாளர் அதை எடுத்து என் கேள்விக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "இருக்கட்டும்" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது சொல். அவர் முகம்தானே? அவர் உட்கார்ந்ததுதானே? சேனல் வக்கீல் பார்த்துச் சரி என்றார். படம் முடியும்போது "குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார்" என்று எழுத்தில் போட்டிருக்கிறோம். எழுத்து சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அவர் நிஜமாகச் சொன்ன பதில் நீளமானது. என்ன பேச்சு தெரியுமா! நடுவில் ஒரு ஜோக் அடித்தார், ஒலிப்பதிவுக்காரர் சிரித்தேவிட்டார். இந்த வாயை நம்பி ஊரே உன்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிடுமே என்று பயந்தேன். அத்தனை வருடம் பேசிப் பேசி எல்லாரையும் மயக்கியவருக்கு என் படத்திலும் ஒரு மேடையா? இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்தது போல வைப்பதுதான் நியாயம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கமும் அடிபடாதவர்கள். நான் உன் பக்கம் நின்றேன். அதற்குத்தான் இவ்வளவு பேச்சு வாங்குகிறேன்.

அந்தச் சிவப்பு பிரேமை எடுத்து வை. பிறகு வாங்கிக்கொள்கிறேன்.

படக்காரி


ஜூன் 15

மேடத்துக்கு,

அவர் சொன்ன பதிலை முழுசாக எனக்கு அனுப்புங்கள். ஜோக்கோடு சேர்த்து.

என் பக்கம் நின்றேன் என்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? விசில் சாரும் இப்படித்தான், எதைச் செய்தாலும் "உன் நல்லதுக்குத்தாம்மா" என்பார். கோபத்தில் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வரியை அடிக்கப் போவதில்லை, அப்படியே படியுங்கள்.

நான் கேமரா முன்னால் உட்கார்ந்தபோதும் அந்த ஒலிப்பதிவுக்காரர் என்னை அரை நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார். அந்த முகத்தை எடுத்து "நீ பொய் சொல்றியா?" என்று ஒரு கேள்விக்குப் பின்னால் வைத்தால் நான் எப்படித் தெரிவேன் என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெரியவருக்கு இடது கண்ணின் பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, அவர் திரும்பி வந்து கத்தினார்.

கடைக்காரி


ஜூன் 18

கடைக்காரிக்கு,

பென் டிரைவ் உள்ளே இருக்கிறது. தனியாக இருக்கும்போது கேட்காதே. யாரையாவது பக்கத்து அறையிலாவது வைத்துக்கொள்.

ஒன்றைச் சொல்லாமல் அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது. போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், மழுப்பிவிட்டேன். அவர் பேச்சில் ஒரு இடம் உன் பேச்சோடு ஒத்துப்போகவில்லை. ஸ்டோர் ரூமில் அது நடந்த அன்றைக்கு நீ தனியாக நடந்தே வீட்டுக்குப் போனதாகவும், உன் அக்கா முன்னாலேயே கிளம்பிவிட்டதாகவும் படத்தில் சொல்கிறாய். அவர் உங்கள் இருவரையும் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டதாகச் சொல்கிறார். "அவ அக்காதான் முன்சீட்ல இருந்தா, கேட்டுப் பாருங்க" என்கிறார். உன் அக்கா எங்களோடு பேச முடியாது என்று சொல்லிவிட்டதால் கேட்க வழியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் பேச்சை வெட்டியதற்கு ஜோக் மட்டும் காரணமில்லை. இதுவும்தான்.

படக்காரி


ஜூன் 26

மேடம்,

கேட்டேன். கடையை மூடிவிட்டு, கண் பார்க்கும் அறையில் உட்கார்ந்து கேட்டேன். கவுன்டர் அம்மாவை வெளியே இருக்கச் சொன்னேன். என்ன ஏது என்று கேட்காமல் கணக்கு எழுதுவது போல நடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. இவர்தான். இவரைத்தான் எனக்குத் தெரியும். "தங்கமான பொண்ணு சார் அவ. கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி, அவ்வளவுதான். அப்பா விட்டுட்டுப் போன புள்ள இல்லையா, யாராவது அன்பா ரெண்டு வார்த்தை பேசினாலே பெருசா எடுத்துக்கும். நான் அவ மேல கோபப்படவே மாட்டேன்." கேட்டீர்களா? என்னைத் திட்டவே இல்லை. உச்சி முகர்ந்துகொண்டே கீழே தள்ளுகிறார். இதோடுதான் நான் வளர்ந்தேன். இதை ஒரு தடவை எல்லாரும் கேட்டிருந்தால், பதினான்கு வயதில் நான் ஏன் ஒருத்தரிடமும் போய்ச் சொல்லவில்லை என்று யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, குற்றவாளி போலத் தலை குனிந்த ஒரு பொம்மையை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

காய்ச்சல் என்று பொய் சொல்லி நான் ஒரு போட்டிக்குப் போகாமல் இருந்ததையும் சொல்கிறார். அது நிஜம். பொய் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று அவருக்கும் தெரியும்.

அப்புறம் அந்த வண்டி.

எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை தரம் யோசித்தாலும் நான் நடந்துதான் போகிறேன். செருப்புக்குள் தண்ணீர், தோளில் பை, பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு திருப்பம். ஆனால் அந்த வழியில் நான் நூறு நாள் நடந்திருக்கிறேன். அதில் ஒரு நாளை எடுத்து இந்த நாளின் பின்னால் நானே வைத்துக்கொண்டேனோ என்னவோ. உங்கள் தொகுப்பாளரை இவ்வளவு திட்டிவிட்டு இப்படி எழுத எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கிறது தெரியுமா?

ஸ்டோர் ரூமில் நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். வழிதான் தெரியவில்லை.

அதனால் எல்லாவற்றையும் வையுங்கள். நான் நடந்து போனேன் என்று சொல்வதை வையுங்கள். அவர் வண்டி என்று சொல்வதையும் வையுங்கள். எனக்கு ஞாபகம் இல்லை என்று நான் இன்னொரு தடவை வந்து சொல்கிறேன், அதையும் வையுங்கள். என் கதையில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்து அவர் மௌனத்தை எடுத்து அதில் அடைத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்னதை நீங்களே முழுசாக நம்பவில்லையா, மேடம்?

கடைக்காரி


ஜூலை 2

என் பிடிவாதக்காரிக்கு,

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நம்பினேன். நம்புகிறேன். மற்றவர்கள் நம்புவார்கள் என்பதைத்தான் நம்பவில்லை. அந்தப் பயத்தால்தான் படத்தில் கைவைத்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். விசில் சாரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது, அந்தக் கடிதம் இன்னும் பேனாவிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. நான் நம்பாத ஒரு மனுஷரிடம் "உங்களுக்கு நான் செய்தது தப்பு" என்று எழுதுவது எவ்வளவு கசப்பு! எழுதிவிடுவேன்.

படத்தைப் பிரித்துவிட்டோம். மௌனம் போய்விட்டது. அவர் பதில் முழுசாக வந்துவிட்டது. ஸ்டோர் ரூமில் அவர் பேசிக்கொண்டே இருந்தார் என்று நீ சொன்னதும் திரும்ப வந்துவிட்டது, நீளமாகப் போனால் போகட்டும். தொகுப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "உங்களுக்கு மனசாட்சி வந்த தேதியைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்கிறார்.

சேனல்காரரிடம் காட்டினேன். "அந்தச் சைலன்ஸ்தாங்க படமே. அதை எடுத்துட்டா இதுல என்ன இருக்கு?" என்றார். ஜூலை இருபது இல்லை என்று ஆகிவிட்டது. எப்போது என்று அவருக்கும் தெரியாது. வருமா என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறேன். என் கணவர், "உட்காரு, இல்லேன்னா தரை தேய்ஞ்சிடும்" என்கிறார்.

தெரிந்தவர்கள் சிலரைக் கூப்பிட்டுப் புதியதைப் போட்டுக் காட்டினேன். பழையதைப் பார்த்த எங்கள் ஆட்கள், முடிந்ததும் பேசாமல் எழுந்து போவார்கள். இந்த முறை சண்டை. ஒருவர், "இவ்வளவு இயல்பாப் பேசுறவர் பொய் சொல்ல மாட்டார்" என்றார். பக்கத்தில் இருந்த பெண் அவர் மேல் பாய்ந்தாள், "இயல்பாப் பேசுறதுதாங்க பயமா இருக்கு." வண்டி விஷயத்தில் இரண்டு பேர் உன்னைச் சந்தேகப்பட்டார்கள். மறைக்காமல் சொல்கிறேன். இனிமேல் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவரை நம்பலாம். அதற்கு நீ தயாரா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அக்காவிடம் போனாயா? வண்டியைப் பற்றிக் கேட்க அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

படக்காரி


ஜூலை 9

மேடம்,

போனேன்.

குளத்துக்கே போனேன். வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திவிடுவாள், குளத்துக்குக் கதவு கிடையாது. சின்னப் பிள்ளைகளின் வகுப்பு முடிந்து, மிதக்கும் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விசில் சார் அன்றைக்கு வரவில்லை, அதை விசாரித்துவிட்டுத்தான் போனேன். அவ்வளவு தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

என்னைப் பார்த்ததும், "சாரைப் பத்திப் பேசறதா இருந்தா வந்த வழியே போயிடு" என்றாள்.

"ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நான் நடந்து போனேனா, இல்ல சார் வண்டியில வந்தேனா? நீ இருந்தியாமே, அவர் சொல்றார்."

"நீ நடந்து போனேன்னு சொன்னதா கேள்விப்பட்டேன். அப்பவே தெரிஞ்சுது, புளுகுறான்னு" என்றாள்.

"புளுகல. மறந்துபோச்சு. நீ சொல்லு, அதைத்தான் படத்துல வைக்கப் போறாங்க. அவர் பேசினதையும் முழுசா வைக்கிறாங்க. எதையும் வெட்டல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடம் ஏதாவது சாதகமாக வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள் போல. பாதகமானதைக் கேட்டு வந்து நின்றதும் என்ன செய்வதென்று தெரியவில்லை அவளுக்கு. பலகைகளைக் கீழே வைத்துவிட்டுக் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். நனைந்துபோயிற்று, பரவாயில்லை.

"வண்டியிலதான் வந்தே" என்றாள். "நான் முன்சீட்டு, நீ பின்சீட்டு. தலையைக்கூடத் துவட்டல. சீட்டு நனையுதுன்னு நான்தான் உன்னைத் திட்டினேன்."

சரி, அவர் சொன்னதுதான் நிஜம் என்று எழுந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இரு. நீ பேசவே இல்லடி. வழி முழுக்க அவர்தான் பேசிட்டு வந்தார். உன்கிட்ட ஏதேதோ கேட்டார். நீ வாயே திறக்கல. நான் திரும்பி, 'சார் கேக்குறார்ல, பதில் சொல்லேன், கொழுப்பா?'ன்னு கத்தினேன். அப்பவும் நீ ஜன்னல் பக்கமே பாத்துட்டு இருந்தே. வீட்ல ஓயாம வாயாடுற நீ! அதுக்கப்புறம் அதை நான் நெனச்சுக்கூடப் பாக்கல. இந்த ஒன்றரை வருஷமா அப்பப்ப ஞாபகம் வருது, தள்ளிவிட்டுடுவேன்."

அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

"சார் அப்படிப்பட்டவர்னு இன்னும் என்னால நெனைக்க முடியல. உள்ள என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனா நீ பேசாம வந்தது எனக்குத் தெரியும். அதை வேணா கேமராவுல சொல்றேன். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, உன் படக்காரம்மாகிட்ட சொல்லிடு" என்றாள்.

நீங்கள் கேட்டீர்களே, பாதிப் பேர் அவரை நம்பினால் நான் தயாரா என்று. தயாரில்லை. ராத்திரியில் நினைத்தால் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் இந்தப் படத்தில் ஒட்டு இருந்திருந்தால் நான் குளத்துக்குப் போயிருக்கவே மாட்டேன். எதையும் வெட்டவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்ததால்தான் அவள் வாயைத் திறந்தாள். சேனலில் வருகிறதோ இல்லையோ, எனக்கு வேண்டிய ஒருத்தி வந்துவிட்டாள்.

அந்த அரை நிமிடத்தை விசில் சார் முகத்தில் ஒட்டினீர்களே, மேடம், அது அவருடையதே இல்லை. அவர் வண்டி ஓட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். சும்மா இருந்தது நான்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. கேமராவை எடுத்துக்கொண்டு அன்றைக்கு வாருங்கள், வரும் வழியில் உங்கள் சிவப்பு பிரேமையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அறையின் சத்தத்தைப் பிடிக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். அந்த அரை நிமிடம் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறோம்.

கண்ணாடிக் கடைக்காரி